வலது பக்கக் கடைசியில் நிற்கும் பெடியன்

என் தொழில் ஆட்களை மதிப்பிடுவது. தெற்கு லண்டனில் கார் ஓட்டப் பழக்குகிறேன். நோர்பரியிலோ குரோய்டனிலோ தமிழர் ஒருவர் உங்கள் காருக்குக் குறுக்கே வெட்டினால், அவருக்குப் பழக்கியது பெரும்பாலும் நானாக இருக்கும். வெட்டுவது அவருடைய சொந்தத் திறமை. முதல் ரவுண்ட்எபவுட்டில் ஒருவர் நுழைகிற விதத்தைப் பார்த்தே அவர் முன்கோபியா, பயந்தாங்கொள்ளியா, மனைவி சொல் கேட்பவரா என்று சொல்லிவிடுவேன். ஆகவே என் மகள் தான் விரும்பும் பெடியனைப் பற்றிச் சொன்ன சனிக்கிழமை, இது எனக்குத் தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன். ஒரே சிக்கல், பெடியன் இருந்தது அமெரிக்காவில். அவனை என் காரில் ஏற்ற வழியில்லை.

"அப்பா, அவர் பேஸ்போல் விளையாடுறவர்," என்றாள் மகள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறாள். சொல்வதை அளந்துதான் சொல்வாள்.

"விளையாடட்டும். வேலை என்ன?"

"அதுதான் வேலை."

மனைவி அடுப்பை நிறுத்தினார். எங்கள் வீட்டில் குழம்பு பாதியில் நிற்பதென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது அழைத்திருக்க வேண்டும்.

மிச்சத்தை மகள் நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தாள். பெடியன் ரொறன்ரோவில் பிறந்தவன். தாய் தகப்பன் யாழ்ப்பாணம். உறவுக்காரக் கல்யாணம் ஒன்றில் சந்தித்திருக்கிறார்கள். பிறகு தொலைபேசி, பிறகு விமானம், இப்போது நாங்கள். அவன் விளையாடுவது மைனர் லீக்கில். எல்லோரும் ரீவியில் பார்க்கிற மேஜர் லீக்குக்குக் கீழே பல படிகள் இருக்கின்றனவாம். இவன் நடுப்படியில் நிற்கிறானாம்.

"மைதானத்திலை எங்கை நிக்கிறவர்?" என்று கேட்டேன்.

"அவுட்பீல்ட். வலது பக்கம், கடைசியிலை."

எனக்கு அந்த இடம் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது அணிக்குக் கிரிக்கெட் விளையாடியவன். பந்து பிடிக்கத் தெரியாதவன், ஆனால் தகப்பன் அணிக்குப் புதுத் துடுப்பு வாங்கித் தந்தபடியால் அணியிலிருந்து விலக்கவும் முடியாதவன், அப்படியான ஒருவனை நாங்கள் கொண்டுபோய் நிறுத்தும் இடம் அது. அங்கே நின்றவர்களில் ஒருவர் இப்போது கொழும்பில் பெரிய வக்கீல். ஆனால் அவருக்கும் நான் பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

மகள் கடைசியாகச் சொன்னதுதான் எங்களைக் கட்டிப்போட்டது.

"ஒரு மாசம் அவரின்ரை விளையாட்டைப் பாருங்கோ. லைவ்வாக் காட்டுறாங்கள். பாத்துப்போட்டு ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லுங்கோ. நீங்கள் இல்லையெண்டா நான் அவரைக் கட்ட மாட்டன். ஆனா வேறை ஒருத்தரையும் கட்டவும் மாட்டன்."

சுதந்திரத்தையும் கீழ்ப்படிவையும் ஒன்றாக ஊட்டி வளர்த்தால் இதுதான் கிடைக்கும். சொல்லாமல் ஓடிப்போயிருந்தால் பழியை அவள் மேல் போட்டுவிட்டு நாங்கள் நிம்மதியாக அழுதிருக்கலாம். இப்போது எல்லாம் எங்கள் தலையில்.

எங்கள் ஆட்களிடம் விசாரணை என்று ஒன்று உண்டு. பொலிஸ்காரர் இதில் பாடம் எடுக்கலாம். மனைவி ரொறன்ரோவுக்கு ஓர் அழைப்பு, பாரிசுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று எடுத்தார். பொழுது சாய்வதற்குள் பெடியனின் பாட்டனார் எந்த வேலிக்காக எந்த அயலவரோடு வழக்காடினார் என்பது தெரிந்துவிட்டது. தாயாருக்கு எந்தக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது, தகப்பன் கனடாவுக்கு வந்த புதிதில் யார் வீட்டுக் கீழறையில் படுத்தார், அந்த வீட்டுக்காரரோடு இப்போது ஏன் கதை பேச்சு இல்லை, எல்லாம் வந்து சேர்ந்தன. குடும்பம் நல்ல குடும்பம் என்று மூன்று கண்டங்களும் ஒரே குரலில் சொல்லின. பெடியனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நல்ல பெடியனாம், ஏதோ விளையாட்டாம்." அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் நோர்பரி வீட்டு முன்னறையில் குழு கூடியது. நான், மனைவி, மகள், பிறகு மனைவியின் தமையன். அவர் தோர்ன்டன் ஹீத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவருக்கு, கழிவுப் பேப்பர் வாளியை வைக்கும் ஒழுங்கில் தொடங்கி உதைபந்தாட்டம் வரை, லண்டனில் உள்ள எதுவும் ஜேர்மனியில் உள்ளதற்கு ஈடாகாது. மனைவி அவரை அண்ணை என்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன். எங்கள் வீட்டுப் பெரிய முடிவு எதுவும் அவர் தலையாட்டாமல் நடந்ததில்லை. அவர் பெரும்பாலும் தலையை ஆட்டுவதுமில்லை.

தீர்ப்பு எதுவானாலும் வெறும் வயிற்றில் சொல்லக்கூடாதென்று மனைவி ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்திருந்தார். மகள் மடிக்கணினியை ரீவியில் கொழுவினாள். ஏதோ ஒரு சிற்றூர் மைதானம். மதிலில் உழவு இயந்திர விளம்பரம். தொப்பி போட்ட கொஞ்சப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நடுவில் விளையாட்டும் நடந்தது. பெடியன் திரும்பி நடந்தபோது முதுகு தெரிந்தது. தகப்பன் பெயர் இடது தோளில் ஆரம்பித்து வலது கக்கத்தில் போய் முடிந்தது. அறிவிப்பாளர் அதில் முதல் இரண்டு எழுத்தைச் சொல்லிவிட்டு இருமினார். அதன் கீழே முப்பத்தொன்று என்ற இலக்கம்.

"வடிவான பெடியன்தான்," என்றார் மனைவி. கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னத்தையோ சப்பித் துப்பிறானே, வெத்திலையோ?"

"சூரியகாந்தி விதையம்மா. எல்லாரும் அப்பிடித்தான்."

"நிலத்திலையோ துப்புறது?"

"ஓம்."

"ஆர் பிறகு கூட்டுறது?"

மனைவியின் கணக்கில் பெடியனுக்கு முதல் கரும்புள்ளி விழுந்ததை அவர் முகத்தில் கண்டேன்.

பெடியன் நின்றான். பந்து வேறு பக்கங்களில் போய்வந்தது. அவன் நின்றான். மைத்துனர் இரண்டாவது றோல்ஸை முடித்துக்கொண்டு, "நிக்கிறதுக்கோ சம்பளம் குடுக்கிறாங்கள்? ஜேர்மனியிலை எண்டா கோல் காக்கிறவன்கூட இப்பிடி நிக்க மாட்டான்," என்றார். பிறகு பெடியன் மட்டையோடு வந்தான். மூன்று தரம் வீசினான். மூன்று தரமும் காற்றைத்தான் அடித்தான்.

"அவுட்டோ?" என்றார் மனைவி.

"ஓம்."

"அப்ப இனி வீட்டை போவினமோ?"

"இல்லையம்மா, திருப்பியும் அடிக்க வருவினம்."

"அவுட் ஆன பிறகுமோ?" என்று கத்தியது நான்தான். அவுட் என்றால் அவுட். அடுத்த ஆட்டம் வரும்வரை மானம் போன முகத்தோடு திரிய வேண்டும். கிரிக்கெட் எங்களுக்குத் தந்த ஒழுக்கம் அதுதான். வெட்கமில்லாமல் மறுபடி மறுபடி வந்து நிற்கிற ஒருவனுக்கு நான் எப்படிப் பெண் கொடுப்பது?

மகள் பொறுமையாக விளக்கினாள். நாலு தரத்துக்கு ஒரு தரம் அடித்தால் இந்த விளையாட்டில் மோசமில்லையாம்.

"நாலிலை மூண்டு தரம் பிழைக்கிறது மோசமில்லையோ?" என்றார் மைத்துனர். "வாற சனத்திலை நாலிலை மூண்டு பேருக்கு நான் பாண் இல்லையெண்டா என்ரை கடைக்கு ஆர் வருவான்?"

அன்று கூட்டம் கலையும்போது, எங்களுக்கு விளங்கிக்கொள்ள ஏதாவது அளவுகோல் தா என்று மகளிடம் கேட்டேன். அங்கே புதுப்பெடியன்களைத் தேடிப்போய் மதிப்பிடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். ஐந்து விஷயம் பார்ப்பார்களாம். அடி, அடியின் பலம், ஓட்டம், பிடி, எறி. ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பது வரை மார்க். நூறு கிடையாது.

"நூறு இல்லாத சோதினையோ?" மனைவிக்குத் தாங்க முடியவில்லை. எங்கள் ஊரில் தொண்ணூற்றெட்டு எடுத்த பிள்ளையிடம் மிச்ச இரண்டும் எங்கே என்று கேட்கும் பரம்பரையில் வந்தவர் அவர். "இந்த மார்க்கோடை இவனை எந்த யூனிவேர்சிற்றியிலை எடுப்பினம்?"

எனக்கு அந்த முறை பிடித்துப்போனது. அடுத்த ஞாயிறு ரீவிக்கு முன்னால், சோதனைக்காரர் காரில் உட்காருவது போல முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அடி, நாற்பது. பலம், நாற்பத்தைந்து, அதுவும் இரக்கப்பட்டு. ஓட்டம், ஐம்பத்தைந்து. பிடி, அறுபது. அவனிடம் வந்த பந்துகளை அவசரமில்லாமல் பிடித்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் படலையில் நின்று கூட்டிவருவது போல இருந்தது. இவனைப் போய் அந்தக் கொழும்பு வக்கீலோடு ஒப்பிட்டேனே என்று கொஞ்சம் கூச்சப்பட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

மனைவி மார்க் போடவில்லை. றோல்ஸ் தட்டை மடியில் வைத்தபடி ரீவியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஆர் அந்தப் பெடியன்? பந்து வராத இடத்துக்கு ஒவ்வொருக்காவும் ஓடி வந்திட்டுத் திரும்பிப் போறவன்?"

நானும் பார்த்தேன். யாராவது பந்தை உள்ளே தரையோடு அடித்தால், அதை எடுத்து, அடித்தவன் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதலாவது பேஸில் நிற்பவனுக்கு எறிவார்கள். எறிந்தது பிடிபட்டுவிடும். ஆட்டக்காரன் அவுட். கமராவும் அதோடு திரும்பிவிடும். ஆனால் திரும்புவதற்கு முன், அந்த பேஸுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து நிற்பான். பிறகு திரும்பி மெல்ல ஓடிப்போவான். முதுகில் முப்பத்தொன்று.

"அது எங்கடை பெடியன்தான்," என்றேன். "எங்கடை" என்ற சொல் எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை. மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எறி தவறினா பந்து அங்காலை போயிடும். போகாமல் மறிக்க ஓடி வாறான். கிரிக்கெட்டிலையும் இருக்கு."

"தவறினதோ?"

"இல்லை."

"ஒருக்காவும்?"

"இண்டைக்கு ஒருக்காவும் இல்லை."

அதற்கு மார்க் போட எனக்குத் தோன்றவில்லை. ஐந்து விஷயங்களில் அது இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் மனைவி படத்தின் நடுப்பக்கத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "இப்பவும் வந்தவன்," என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்தவன்." நானோ எறியில் விழுந்தேன். மூன்றாவது ஞாயிறோ என்னவோ, மதிலடியில் பந்தை எடுத்து அவன் நேரே மூன்றாவது பேஸுக்கு எறிந்தான். பந்து தலைக்கு மேலே உயரவேயில்லை. இழுத்துக் கட்டிய கயிறு மாதிரிப் போனது. ஓடிவந்தவன் ஒரு முழத்தில் அவுட். நான் எழுந்து "எண்பது! எண்பது!" என்று கத்தினேன். தேத்தண்ணீர் மைத்துனரின் சாரத்தில் ஊற்றுண்டது. ஜேர்மனியில் தேத்தண்ணீர் ஊற்றுண்டால் என்ன செய்வார்கள் என்று அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

இதற்குள் என் நிலைமையைப் பார்த்தீர்களானால் சிரிப்பு வரும். மருமகனை மதிப்பிட உட்கார்ந்தவன், அவனை மேல் படிக்கு ஏன் அனுப்பவில்லை என்று அமெரிக்காக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, மட்டை வீசும்போது அவன் தோளைக் கொஞ்சம் தாமதித்துத் திறந்தால் அடி சரிவருமே என்று யோசிப்பேன். பச்சை விழுந்தது தெரியாமல் நானும் பழகுகிறவரும் நிற்போம். மகள் ஓம் அல்லது இல்லையைக் கேட்கவேயில்லை. சமையலறையில் என்னைக் கடந்து போகும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போவாள்.

அந்த மாதம் முடியும் தறுவாயில், ஒரு வேலை நாளில் அழைப்பு வந்தது. லண்டன் றோட்டில் ஒரு கணக்காளர் அம்மாவுக்கு ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம். காரை ஓரங்கட்டச் சொன்னேன்.

"அங்கிள், வணக்கம்." பெடியன்தான். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தான். அவன் குரலை அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். "என்னை அணியிலை இருந்து விட்டிட்டாங்கள். ஐ காட் ரிலீஸ்ட்."

"ஏன்?"

"எறி நல்லமாம். பிடி நல்லமாம். அடி காணாதாம்."

என் மார்க்கும் அதுதான். எனக்கு அது பிடிக்கவேயில்லை.

"அங்கிள், நீங்கள் எங்களைப் பற்றி யோசிக்கிறீங்கள் எண்டு தெரியும். இப்ப எனக்கு வேலை இல்லை. நீங்கள் இல்லையெண்டு சொன்னா நான் பிரச்சினை பண்ண மாட்டன். அவவுக்கும் சொல்லிப்போட்டன். இதை நானே உங்களுக்குச் சொல்ல வேணும். அதுதான் எடுத்தனான்."

இல்லையென்று சொல்ல ஒரு மாதமாக நான் தேடிய காரணத்தை அவனே கொண்டுவந்து என் கையில் தந்திருக்கிறான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வந்தது கோபம்தான். "எவன் சொன்னவன் அடி காணாதெண்டு? அவனுக்குக் கண் தெரியுமோ?" என்று கத்தினேன். கணக்காளர் அம்மா தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, காரை எடுத்து, நேரே நடைபாதைக் கல்லுவரம்பில் ஏற்றினார்.

அன்று மாலை ஞாயிறு இல்லாமலேயே குழு கூடியது. மகள் மாடிப்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே வரவில்லை. அழுத முகம்.

"கடவுளாய்ப் பாத்துச் செய்தது," என்றார் மைத்துனர். "பெடியனே விலகுறன் எண்டிட்டான். மரியாதையான பெடியன். இதோடை விடுங்கோ. நாலிலை மூண்டு தரம் பிழைக்கிறவனை நம்பிப் பிள்ளையைக் குடுக்கேலாது எண்டு நான் முதல் நாளே சொன்னனான்."

மனைவி தமையன் முன்னால் குரலை உயர்த்தி நான் கண்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. தேத்தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் அகதியா முதல் எங்கை கேட்டனீங்கள்?"

"பிரான்சிலை. ஏன்?"

"என்ன சொன்னவங்கள்?"

"இல்லையெண்டவங்கள்."

"பிறகு?"

"சுவிஸ். பிறகு ஒல்லாந்து." அவருக்கு இப்போது விளங்கத் தொடங்கிவிட்டது. "ஜேர்மனியிலை குடுத்தவங்கள்தானே!"

"நாலாவது தரம். அப்ப உங்கடை மார்க்கும் அதுதானே அண்ணை."

மைத்துனர் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜேர்மனியைப் பற்றி அன்று மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்துக்கு முன்னால் மறுப்புக் கடிதத்தோடு நான் நின்றதும் எனக்கு ஞாபகம் வந்தது. திருப்பி விண்ணப்பித்து, திருப்பி மறுத்து, திருப்பிப் போய் நின்றேன். அவுட் ஆன பிறகும் வெட்கமில்லாமல் வந்து நின்றவர்களால்தான் நோர்பரி முழுக்க நிறைந்திருக்கிறது.

"எனக்கு அடியும் தெரியாது, எறியும் தெரியாது," என்றார் மனைவி, இப்போது என்னைப் பார்த்து. "பந்து வராதெண்டு தெரிஞ்சும் ஓடினவன். ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு தெரிஞ்சும் ஓடினவன். அதுக்கு உங்கடை சோதினையிலை எத்தினை மார்க்?"

நான் ஓம் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஆண்பிள்ளைகள் செய்கிற காரியத்தைச் செய்தேன். பெடியனுக்கு அழைப்பெடுத்து விளையாட்டுப் பற்றிக் கதைத்தேன்.

"தம்பி, எங்கடை பள்ளிக்கூடப் பழைய மாணவர் மாட்ச் வருகுது. எல்லைக்கோட்டிலை நிக்க ஆளில்லை. எல்லாருக்கும் முழங்கால் வருத்தம். நீர் ஒருக்கா வந்திட்டுப் போமன்."

மாடிப்படியிலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, அந்த மாட்சிலை பழைய மாணவர், அவையின்ரை மகன்மார், மருமகன்மார் மட்டும்தானே விளையாடலாம்? இவர் எந்த வகை?"

"அதெல்லாம் ஆரும் கேக்க மாட்டாங்கள்," என்றேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நம்பியதுதான் என் பிழை. விதிப்புத்தகத்தைக் கையிலே வைத்துக்கொண்டு பிறந்தவர்கள் அவர்கள்.

பெடியன் வந்தான். விம்பிள்டனில் தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரி வீட்டில் தங்கி, காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போய், நெற்றியில் விபூதியோடு பூங்காவுக்கு வந்து சேர்ந்தான். எனக்குக் கை கொடுப்பதா, கும்பிடுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் மூன்றிலும் கொஞ்சம் செய்தான். நானும் அப்படியே. அவனை எல்லைக்கோட்டுக்கு அனுப்பினேன். மகளும் மனைவியும் மடிப்புக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவராக மைத்துனரைப் போட்டிருந்தார்கள். எங்கள் பள்ளியிலும் படிக்காதவர், எதிர்ப் பள்ளியிலும் படிக்காதவர், கிரிக்கெட்டும் தெரியாதவர். இதைவிடப் பக்கச்சார்பற்ற ஆள் கிடைக்காது.

எதிரணித் தலைவர் ஒரு பல்வைத்தியர். என் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கியவர், மூன்றாவதில் கண் வைத்திருப்பவர். அவர் அடித்த பந்து என்னிடம் வந்தது. அவர் ஓடினார். நான் எடுத்து விக்கெட்டுக்கு எறிந்தேன். பந்து விக்கெட்டைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் போகப் பார்த்தது. அதைப் பிடிக்க விக்கெட்டுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. எங்கள் வயதில் பின்னால் ஓடிவர யாருக்கு முழங்கால் இருக்கிறது? பல்வைத்தியர் சிரித்துக்கொண்டு இன்னொரு ஓட்டத்துக்குத் திரும்பினார்.

எல்லைக்கோட்டிலிருந்து எப்போது புறப்பட்டானோ தெரியாது, பந்து போன இடத்தில் பெடியன் நின்றான். வெறும் கையால் எடுத்தான். எறிந்தான். பல்வைத்தியர் பாதி வழியில் நிற்க, விக்கெட் பறந்தது.

நான் பிழையாக எறிந்த பந்து அது. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. திரும்பித் தன் இடத்துக்கு மெல்ல ஓடத் தொடங்கிவிட்டான்.

"ஒரு நிமிசம்!" பல்வைத்தியர் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஆர் இந்தப் பெடியன்? உங்கடை பழைய மாணவனோ?"

"இல்லை," என்றேன்.

"ஆற்றையேன் மகனோ?"

"இல்லை."

"அப்ப மருமகனோ? ஆற்றை மருமகன்?"

மைதானமே என்னைப் பார்த்தது. மகள் கதிரையை விட்டு எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கேள்வி இல்லை. நான் இல்லையென்றால் அதையும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணீர் போட்டுத் தருகிற பிள்ளை அவள். எனக்குப் பயமாக இருந்தது. அவள் தூரத்துக்குப் போய்விடுவாள் என்ற பயம். முதல் நாள் அடுப்பை நிறுத்தியபோதே மனைவிக்கும் எனக்கும் அது வந்துவிட்டது. அடி, பலம், எறி, மார்க் எல்லாம் நான் அதற்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டவை.

"என்ரை மருமகன்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"எப்ப கலியாணம் நடந்தது? எங்களுக்குச் சொல்லேல்லையே!"

"மண்டபம் கிடைக்கேல்லை. கிடைச்சதும் கலியாணக் காட் வரும். இப்ப நீர் வெளியிலை நடவும்."

"அண்ணை, நடுவர் நீங்கள். இது உண்மையோ? சொல்லுங்கோ," என்று பல்வைத்தியர் மைத்துனரிடம் திரும்பினார்.

மைத்துனர் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். எல்லைக்கோட்டில் நிற்கும் பெடியனைப் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போனது. சிவப்பு அட்டையைத் தேடுகிறாரோ என்று பயந்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, நான் அறிந்த காலம் முழுக்க லேசில் எதற்கும் தலையாட்டாத அந்த மனிதர், விரலை உயர்த்தினார்.

"அவுட்," என்றார்.

பெடியன் ஒன்றும் விளங்காமல் என்னிடம் ஓடிவந்தான். "அங்கிள், நான் ஏதும் பிழை செய்திட்டனோ?"

"இல்லை. உம்மடை இடத்துக்குப் போம்."

போனான். "தம்பி!" என்று கூப்பிட்டேன். திரும்பினான்.

"இந்த மைதானத்திலை நிக்கிற எல்லாரையும் அங்கிள் எண்டு கூப்பிடலாம். என்னை மாமா எண்டு கூப்பிடும்."

அவன் கதிரைகள் இருந்த பக்கம் பார்த்தான். மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "துப்பாமல் நிக்கச் சொல்லுங்கோ!" என்று கத்தினார்.

"ஓம் மாமா," என்றான் பெடியன்.

அடுத்த பந்தும் என்னிடமே வந்தது. இந்த முறை நேராகத்தான் எறிந்தேன். விக்கெட்டுக்கு அப்பால் அவன் ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தான்.